முப்பத்தொரு டிகிரி

சரஸ்வதியம்மாளைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைக்கவே முதல் நாள் இருபது நிமிடம் ஆனது. படுத்த பிறகும் அவர் உடம்பு முழுதாகத் தரையில் படியவில்லை. இடுப்புக்கு மேலே முதுகின் வலப்பக்கம் பாயில் முட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு அந்தரத்தில் இருந்தது. கோமதி ஒரு துண்டை நான்காக மடித்து அந்த இடைவெளியில் செருகினாள். தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு.

"இப்ப எப்படிங்கம்மா இருக்குது?"

"படுக்கறதுக்கா அம்மிணி இத்தன தூரம் வந்தேன்? அதுக்கு ஊட்லயே படுத்துக்குவனே," என்றார் சரஸ்வதியம்மாள்.

அவருக்கு எழுபது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எட்டு ஏக்கர் தென்னையும் ஆறு கறவை மாடுகளும் அவர் சொல்லில்தான் நடந்தன. பிறகு முதுகெலும்பின் தட்டுகள் தேய்ந்து, தேய்ந்த பக்கமாக எலும்பே சாயத் தொடங்கியது. இடது விலா இடுப்பெலும்பில் போய் உரசியது. சேலைக் கரை ஒரு பக்கம் கணுக்காலுக்கு மேல் ஏறி, மறுபக்கம் தரையைக் கூட்டியது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் வலது காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்கியது. பொள்ளாச்சியில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு முப்பத்தொரு டிகிரி என்று எழுதியிருந்தார்கள். எலும்பின் அடர்த்தியும் குறைந்துவிட்டதால் ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் பூபதிராஜா காரில் கொண்டுவந்து கோமதியிடம் விட்டுப் போனார்.

கோமதி கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்தவள். அதற்கு மேல் ஒரு வருஷம் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையையும் கற்று முடித்திருந்தாள். கல்யாணமாகி பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள கோபாலபுரம் வந்ததும், மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுத்தீவன குடோனைச் சுத்தம் செய்து வகுப்பு ஆரம்பித்தாள். வெள்ளையடித்தும் பருத்திக்கொட்டை வாசனை போகவில்லை. காலை ஏழு மணிக்கு இளவயதுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது மணிக்கு அறுபத்தைந்தைத் தாண்டிய ஐந்து பேர். ஊரில் அதைப் 'பிளேட்டு கிளாஸ்' என்றார்கள். குப்பண்ணன் என்ற எழுபத்துநாலு வயதுக்காரர், முதுகில் பிளேட்டு வைக்கிற இடம் என்று பயந்து இரண்டு வாரம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கோமதி படித்த பாடமெல்லாம் நேரான முதுகுக்கானது. முதுகைத் தரையோடு அழுத்து, உருண்டு எழு, இடுப்பிலிருந்து திரும்பு, குனிந்து கால்விரலைத் தொடு என்றுதான் இருந்தது. எலும்பு மெலிந்தவர்கள் குனிந்து எழக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது நாலைந்துதான். அந்த நாலைந்தையும் ஐந்து பேருக்கு ஐந்து விதமாக மாற்ற வேண்டும். சரஸ்வதியம்மாளின் குழிந்த இடது விலாவில் கையை வைத்து, "இங்க மூச்ச அனுப்புங்கம்மா, எங்கையத் தள்ளுங்க" என்பாள். ஒரு காலை மெல்ல நீட்டி மடக்கச் சொல்வாள். சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி உயர்ந்து நிற்கச் சொல்வாள். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்வாள். அவ்வளவுதான்.

"எழுவது வருசமா மூச்சு உட்டுட்டுத்தான இருக்கறேன். அதுக்கு ஒரு கிளாஸா?" என்பார் சரஸ்வதியம்மாள்.

அவர் சீக்கிரமாகவே வந்துவிடுவார். ஏழு மணி வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கதவருகில் நாற்காலி போட்டுப் பார்ப்பார். அந்தப் பெண்கள் காலை நீட்டிப் படுத்து, கைகளை முன்னே நீட்டி, முதுகை ஒவ்வொரு கணுவாகச் சுருட்டி எழுவதை அவர் கண் கொட்டாமல் பார்ப்பதைக் கோமதியும் கவனித்திருக்கிறாள்.

"அதையத்தான் எனக்குச் சொல்லிக் குடு. அதுதான் நிமுத்தும்."

"அது உங்களுக்கு ஆகாதுங்கம்மா."

"ஏன், கெழவின்னா?"

"எலும்பு தாங்காதுங்க."

"நிமிருமா நிமிராதா? அதைய மட்டும் சொல்லு."

மூன்றாவது வாரத்தில்தான் இந்தக் கேள்வி முதலில் வந்தது. பதில் கோமதிக்குத் தெரியும். இந்த வயதில் தேய்மானத்தால் வந்த வளைவு நிமிராது. வலி குறையலாம், கூட நேரம் நிற்கலாம், விழாமல் நடக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பெரியவரிடம் இதை நேராகச் சொல்லி, மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. சரஸ்வதியம்மாளையும் இழக்க அவளுக்கு மனமில்லை. "போகப் போகப் பாக்கலாங்கம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு சரஸ்வதியம்மாள் ஒரு நாளும் வகுப்பைத் தவறவிடவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. மலைக் கணவாய் வழியே வரும் காற்று குடோனின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மன் நோன்பு வந்ததால் பத்து நாள் வகுப்பு இல்லை. வீட்டில் செய்வதற்கென்று கோமதி எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். அவளுடைய பயிற்சிப் புத்தகத்திலிருந்து நகலெடுத்த தாள் அது. பன்னிரண்டு படங்கள், கீழே இங்கிலீஷில் பெயர்கள். சரஸ்வதியம்மாளின் தாளில் நான்கு படங்களுக்குப் பக்கத்தில் பேனாவால் டிக் போட்டாள். வாசலில் பூபதிராஜா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கூரைச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை.

"டிக் போட்டதப் பாத்துக்குங்கம்மா," என்று கத்தினாள். சரஸ்வதியம்மாள் தலையாட்டினார்.

எட்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"ஏனுங்க, எங்கம்மாவ என்னதான் பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றார் பூபதிராஜா. "நேத்து சாயங்காலம் பாயில உங்க எக்சர்சைஸ் பண்ணிட்டு இருந்தாங்க. டக்குன்னு சத்தங் கேட்டுச்சுங்கறாங்க. எந்திரிக்க முடியல. எக்ஸ்ரே எடுத்தா முதுகெலும்பு ஒண்ணு நசுங்கியிருக்குதுங்கறாங்க. நல்லா நடந்துட்டு இருந்த மனுசிய நீங்க படுக்க வெச்சுட்டீங்க!"

"அண்ணா, நான் குடுத்ததுல அப்படி எதுவுமே…"

அவர் வைத்துவிட்டார்.

கோமதி தாளின் மிச்சப் பிரதி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தாள். உருண்டு எழுகிற படம் இரண்டாவது வரிசையில் இருந்தது. இடுப்பை முறுக்குகிற படம் அதற்குப் பக்கத்தில். அவள் எல்லா நாளும் வேண்டாம் என்று வாயால் அடித்துக்கொண்டிருந்த அத்தனையும் அந்தத் தாளில் அச்சாகி இருந்தன.

செய்தி கோபாலபுரத்தில் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. நோன்பு முடிந்து வகுப்பு திறந்தபோது ஒன்பது மணிக்குக் குப்பண்ணன் மட்டும்தான் வந்தார்.

"நீங்க மட்டும் ஏனுங்கய்யா வந்தீங்க?" என்று எரிச்சலாகவே கேட்டாள் கோமதி.

"எனக்கு ஒண்ணும் நசுங்கலீங்களே," என்றார் அவர்.

அன்று மாலை அவள் சரஸ்வதியம்மாளின் தோட்டத்துக்குப் போனாள். கேட்டிலேயே பூபதிராஜா மறித்தார். "இன்னும் என்னங்க மிச்சம் இருக்குது? போங்க," என்றார். கோமதி சொல்ல வேண்டியதையெல்லாம் வழியில் கோர்த்து வைத்திருந்தாள். அடர்த்தி குறைவு, செய்யக்கூடாது என்று பத்துத் தடவை சொன்னது, எதையும் கேட்காத பிடிவாதம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. அதற்குள் உள்ளேயிருந்து சரஸ்வதியம்மாளின் குரல் கேட்டது.

"அவள உள்ள உடு, பூபதி. நான் கேக்க வேண்டியது இருக்குது."

கட்டிலில் முதுகுக்குப் பெல்ட் கட்டிப் படுத்திருந்தார். தலையை மட்டும் திருப்பினார். தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவி நீட்டினார். மடித்து மடித்துத் துணி போலாகியிருந்தது.

"இதப் பாரு. நீதான டிக் போட்டுக் குடுத்தே?"

"ஆமாங்கம்மா. அந்த நாலும் மட்டும்…"

"இஸ்கூல்ல கணக்கு நோட்டுல வாத்தியார் டிக் போட்டா என்ன அர்த்தம்? சரியாப் பண்ணிட்டே, முடிஞ்சுது, அடுத்ததுக்குப் போன்னுதான? நாலும் எனக்கு வந்துருச்சு, இனி மிச்சத்தப் பண்ணோணும்னு நெனச்சேன். தினம் ஒண்ணாப் பண்ணிட்டு வந்தேன். ஆறு நாள் ஒண்ணும் ஆவல. ஏழாவது நாளுதான் அந்தப் புள்ளைங்க பண்றது வந்துது. மூணு தடவ எந்திரிச்சேன். நாலாவதுக்கு டக்குன்னுது."

கோமதி தாளைப் பார்த்தபடியே நின்றாள். அவள் போட்ட டிக் நான்கும் சிவப்பு மையில் இருந்தன. கையில் கிடைத்த பேனா சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். இந்த அம்மாள் அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, விடாமல் ஏழு நாள் உழைத்திருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"ஆகாதுன்னு சொல்லியிருந்தனுங்களேம்மா."

"சொன்னே. ஆகாதுன்னும் சொன்னே, போகப் போகப் பாக்கலாம்னும் சொன்னே. டிக்கும் போட்டே. போகப் போக வந்துருச்சுன்னு நெனைக்காம நான் வேற என்னத்த நெனைக்கறது?"

பூபதிராஜா கதவோரம் வந்து நின்றிருந்தார். கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த வளைவு நிமிராதுங்க. எனக்கு மொதல்லயே தெரியும். வலியக் கொறைக்கலாம், நடை தேறும். நிமிராது. நீங்க வராம நின்னுருவீங்களோன்னு நான் சொல்லாம உட்டுட்டேன்."

சரஸ்வதியம்மாள் பெல்ட்டின் பட்டையைப் பிரித்து, மறுபடி அழுத்தி ஒட்டினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா ரெண்டு நாள் அழுதுட்டு, அந்த நாலையே பண்ணியிருப்பேன். கொழந்தைக்கு முட்டாய் காட்டற மாதிரி காட்டிட்டியே அம்மிணி. நீ போ. இப்ப உன்ற மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

கோமதி எழுந்து வெளியே வந்தாள். பூபதிராஜா வழி விட்டார்.

அடுத்து வந்த வாரங்கள் அவளுக்கு மோசமாகப் போயின. ஏழு மணிப் பெண்களுக்குச் சொல்லித் தரும்போதே, சுருண்டு எழும் ஒவ்வொரு முதுகிலும் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. புத்தகங்களைத் திருப்பினாள். தேய்ந்து வளைந்த முதுகு என்று ஒரு அத்தியாயம் இருந்தது; அதிலும் படத்தில் இருந்த பெண் நேராகவே இருந்தாள். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் நகல்கள் அத்தனையையும் கிழித்துப் போட்டாள். குப்பண்ணனைச் சுவரோரம் பக்கவாட்டில் நிற்க வைத்து, அவர் கூனையும் முன்னே துருத்திய தலையையும் இருக்கிற மாதிரியே பென்சிலால் வரைந்தாள். அவர் செய்ய வேண்டியது மூன்று. மூன்று படங்களை மட்டும் வரைந்து, பக்கத்தில் தமிழில் எத்தனை தடவை என்று எழுதினாள். வேறெதுவும் அந்தத் தாளில் இல்லை.

"இது நானேதானுங்க," என்றார் குப்பண்ணன், சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல்.

ஐப்பசியில் சரஸ்வதியம்மாளே போன் செய்தார். எலும்பு கூடிவிட்டது, மெல்ல அசையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு ஊரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் நான்கு நாள் வந்து, காலைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

"அவன் எம்பட காலயேதான் பாக்கறான். உனக்குத்தான் எம்பட முதுகு தெரியும். ஊட்டுக்கு வா. ஆனா ஒண்ணு. நான் கேட்டா உள்ளதச் சொல்லோணும்."

"சொல்றனுங்கம்மா."

"நிமிருமா?"

"நிமிராதுங்க."

"சரி, வா."

வாரத்தில் மூன்று நாள் கோமதி போனாள். சமாதானம் என்று சொல்ல முடியாது. பூபதிராஜா ஒவ்வொரு முறையும் கதவோரம் கை கட்டி நின்று பார்த்தார். நாடாக் கட்டில் குழிந்து கிடந்ததால் அதில் எதுவும் செய்ய முடியவில்லை. தரையில் படுத்தால் எழ முடியவில்லை. கடைசியில் சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு தள்ளி, கையில்லாத ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் உட்கார்ந்தும் நின்றுமே செய்வது என்று முடிவானது. இடது தொடைக்கு அடியில் மடித்த துண்டு. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்குவது. குனியாமல், இடுப்பிலிருந்து மட்டும் முன்னே சாய்ந்து எழுவது. குழிந்த விலாவுக்கு மூச்சு.

முதல் வாரம் பயிற்சியை நான்கு நிமிடத்துக்கு மேல் செய்ய முடியவில்லை. இரண்டாவது வாரமும் நான்கு நிமிடம்தான். மூன்றாவது வாரம் ஆறு நிமிடம் ஆனது. நான்காவது வாரம் சளி பிடித்து, ஒரு நாள் பலமாக இருமியதில் மறுபடி வலி வந்து, மூன்றுக்கு இறங்கியது. சரஸ்வதியம்மாள் துண்டை எடுத்துச் சுவரில் வீசினார்.

"இதுக்கு நசுங்கியே கெடந்திருக்கலாம்!"

"கெடங்க," என்றாள் கோமதி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளுக்கும் அன்று பொறுமை இல்லை. காலையில் ஏழு மணி வகுப்பில் இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டிருந்தார்கள்.

சரஸ்வதியம்மாள் அவளை முறைத்தார். பிறகு, "துண்ட எடுத்தா," என்றார்.

தை மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். பூபதிராஜா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அறிக்கையைக் கோமதியிடம் கொடுத்தார்.

"எத்தன?" என்றார் சரஸ்வதியம்மாள்.

"முப்பத்தி மூணுங்கம்மா. ரெண்டு கூடியிருக்குது."

"மூணு மாசம் நாயாட்டம் பாடுபட்டு, ரெண்டு கூடிப் போச்சா?"

"நசுங்குன எலும்பால கொஞ்சம் கூடியிருக்கலாங்க. அளக்கறதுலயே ரெண்டு மூணு வித்தியாசம் வரும். எதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"ஏனுங்க, அப்ப இதெல்லாம் எதுக்கு?" என்றார் பூபதிராஜா. இந்தத் தடவை சண்டைக்காக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

கோமதி தன் நோட்டைத் திறந்தாள். ஐப்பசியில் பிடிமானமில்லாமல் இரண்டரை நிமிடம் நின்றார். இப்போது பன்னிரண்டு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அப்போது ஒரு தடவைகூட எழ முடியவில்லை. இப்போது ஏழு. படித்துக் காட்டினாள். படிக்கும்போதே அது எவ்வளவு கொஞ்சம் என்று அவளுக்கே தோன்றியது.

"நாளைக்கு என்னைத் தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போ அம்மிணி," என்றார் சரஸ்வதியம்மாள். "ரெண்டு வருசமாச்சு. தோப்பப் பத்தி இந்தப் பூபதி சொல்றதக் கேட்டுட்டே இருக்கறேன்."

மறுநாள் காலை இரண்டு கையிலும் ஊன்றுகோலுடன் கிளம்பினார். ஐம்பது அடிக்கு ஒரு முறை ஏதாவதொரு மரத்தில் கையை ஊன்றி, உயர்ந்து நின்று, மூச்சை விலாவுக்கு அனுப்பிவிட்டு நடக்க வேண்டும் என்று கோமதி சொல்லியிருந்தாள். முதல் மூன்று மரங்களில் அப்படியே செய்தார். நான்காவது மரத்தில் அண்ணாந்து மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குருத்தோலை கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோணம் முக்கோணமாக இருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்தது மொட்டையாகவே நின்றது.

"பூபதி!" என்று கத்தினார். வீட்டு வாசல் வரைக்கும் கேட்கிற குரல். "டேய் பூபதி! வண்டு உழுந்து எத்தன நாளாச்சுடா? எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னியே!"

பூபதிராஜா ஓடி வந்தார். "மருந்து வெச்சிருக்குதுங்கம்மா. நீங்க கெடக்கற கெடையில எதுக்குச் சொல்றதுன்னு…"

"நான் கெடந்தா மரமும் கெடக்குமா?"

சரஸ்வதியம்மாள் வரிசை வரிசையாக நடந்தார். எந்த மரத்திலும் கை ஊன்றவில்லை. "நில்லுங்கம்மா, மூச்சு வாங்குங்க," என்று கோமதி பின்னாலேயே போனாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்ட மரம் பதினொன்று, குருத்து வெட்டுப்பட்டது முப்பதுக்கு மேல் என்று எண்ணிக்கொண்டு கிழக்கு வாய்க்கால் வரை போனார். வளைந்த உடம்பு இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஒரு கோல் ஆழமாகவும் மறுகோல் லேசாகவும் மண்ணில் பதிந்துகொண்டே போனது. கோமதி மணியைப் பார்த்தாள். பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மகனைத் திட்டுவதை நிறுத்தவில்லை.

"நாளைக்கு மேக்கு வரிசையெல்லாம் பாக்கோணும்," என்றார்.

"நாளைக்கு எந்திரிக்கவே மாட்டீங்க. பாதியிலயே நின்னிருக்கோணும் நீங்க," என்றாள் கோமதி. அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் அரை நிமிடம் அரை நிமிடமாகச் சேர்த்ததை ஒரே காலையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறாரே என்று இருந்தது.

"எந்திரிப்பேன்."

எழவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலியில் படுத்தே கிடந்தார். நல்லவேளை, எலும்பில் புதிதாக ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் கோமதி போனபோது தோப்பில் மரமேறிகள் இரண்டு பேர் குருத்துக்குள் கம்பி விட்டு வண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூபதிராஜா கீழே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியே சரஸ்வதியம்மாள் எந்த மரம் விட்டுப்போனது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எத்தனையில இருந்து ஆரம்பிக்கறது?" என்றார் சரஸ்வதியம்மாள், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாலு நிமிசத்துல இருந்துங்க."

"நாலா!" என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து நின்றார்.